விஞ்ஞானப் புனைகதையை எந்தத் தட்டில் வைப்பது?

பாடசாலை நூலகம் ஒன்றைப் பொறுப்பேற்பவருக்கு முதலில் வந்து சேரும் வேலை, நூல்களைத் தூயி தசமப் பகுப்பு முறைப்படி பிரித்து அடுக்குவதுதான். 500 என்றால் தூய விஞ்ஞானம், 600 என்றால் பிரயோக விஞ்ஞானம், 800 என்றால் இலக்கியம், அதற்குள்ளே 894.811 என்றால் தமிழ் இலக்கியம். மட்டக்களப்பின் பட்டிருப்புக் கல்வி வலயத்தில், படுவான்கரைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தமிழ் கற்பித்துக்கொண்டு நூலகத்தையும் பார்த்துவரும் நான் அலுமாரிகளைத் திறந்தபோது, சுஜாதாவின் விஞ்ஞானச் சிறுகதைகள் 500ஆம் தட்டில், பௌதிகவியல் வினாவிடைப் புத்தகங்களுக்கு நடுவே இருந்தன. அட்டையில் ரொக்கட் படம் இருந்தமையால் எனக்கு முன்பிருந்தவர் அவ்வாறு வைத்திருக்க வேண்டும். நான் அவற்றை எடுத்து 894.811இல் வைத்தேன். விஞ்ஞான ஆசிரியர் மகிழ்ந்தார். தம்முடைய தட்டிலிருந்து கதைகள் போய்விட்டன என்பதே அவருக்கு நிம்மதி. எங்கள் மூத்த தமிழ் ஆசிரியரோ மகிழவில்லை. புதுமைப்பித்தனுக்குப் பக்கத்தில் சுஜாதாவின் இயந்திர நாய்க்கு என்ன வேலை என்று கேட்டார்.

நம் பாடசாலைகளில் விஞ்ஞானப் புனைகதையின் நிலை இதுதான். தமிழ்ப் பாடத்தார் அதை விஞ்ஞானம் என்று சொல்லித் தள்ளுகிறார்கள். விஞ்ஞானப் பாடத்தார் அதைக் கதை என்று சொல்லித் தள்ளுகிறார்கள். இவ்விரு மறுப்புகளும் எனக்குப் பழகிப்போயின. எனக்கு அதிகம் கவலை தருவது ஆதரிப்பவர்கள் சொல்லும் காரணமே. இத்தகைய கதைகளைப் படித்தால் பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் பிறக்கும், உயர்தரத்தில் கணிதப் பிரிவுக்குப் போவார்கள், ஆகவே இவற்றை நூலகத்தில் அனுமதிக்கலாம் என்கிறார்கள் அவர்கள். கண்ணகி வழக்குரைத்த கதையைச் சட்டக்கல்லூரிக்கு மாணவரை அனுப்புவதற்காக நாம் கற்பிப்பதில்லை. ஒரு கதை வகையை மட்டும் இன்னொரு பாடத்தின் உதவியாளாக உள்ளே விடுவோம் என்பது, அதை வாசிக்கவே வேண்டாம் என்பதற்கு ஒரு படி மேலானது, அவ்வளவுதான். விஞ்ஞானப் புனைகதையும் கதையாகவே வாசிக்கப்பட வேண்டும், கதையாகவே மதிப்பிடப்பட வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

பெற்றோரின் எதிர்ப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனென்றால் அவர்கள் இந்த வகையை மட்டும் தனியாகப் பிரித்து எதிர்ப்பதில்லை. "டீச்சர், புள்ளைக்கு இந்தப் பேய்க்கதையெல்லாம் குடுக்காதீங்க, ஓ.எல். வருகுது" என்று ஒரு தாய் என்னிடம் கேட்டுக்கொண்டபோது, அவருடைய பட்டியலில் ரோபோவும் பேயும் மாயாவியும் ஒன்றாகவே இருந்தன. தரம் 5 புலமைப்பரிசில் தொடங்கி ஓ.எல். என்னும் சாதாரண தரப் பரீட்சைவரை கடந்தகால வினாத்தாள்களே வாசிப்பு என்று ஆகிவிட்ட ஊரில், தாயோ தமக்கையோ மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்து அனுப்பும் பணத்தில் ரியூசனுக்குப் போகும் பிள்ளையின் கையில் கதைப்புத்தகத்தைக் கண்டு அந்தக் குடும்பம் பதறுவதை என்னால் குறை சொல்ல முடியாது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம் வரும்போது மட்டும் பதாகை கட்டி, ஊர்வலம் போய், வாசிப்பு மனிதனைப் பூரணமாக்கும் என்று ஒலிவாங்கியில் முழங்கிவிட்டு, நவம்பரில் அலுமாரியைப் பூட்டிவிடும் நாம்தான் அந்தத் தாய்க்கு முன்பாகப் பதில் சொல்ல வேண்டியவர்கள்.

இதில் ஒரு விநோதமும் உண்டு. ஜூல்ஸ் வேர்ணும் எச். ஜி. வெல்சும் எழுதியவற்றின் சுருக்கப் பதிப்புகள் ஆங்கிலப் பாடவேளையில் மரியாதையோடு கையாளப்படுகின்றன. அங்கே அவை உலக இலக்கியம், மொழிப் பயிற்சிக்கு உகந்தவை. அதே வகைக் கதை தமிழில் வந்தால் நேரத்தைக் கெடுக்கும் பொழுதுபோக்காகிவிடுகிறது. எந்த மொழியில் எழுதப்பட்டது என்பதைக் கொண்டே ஒரு கதையின் தகுதி தீர்மானிக்கப்படுமானால், குறை கதையில் இல்லை.

விஞ்ஞான ஆசிரியரின் மறுப்பு இவற்றைவிட நேர்மையானது. இக்கதைகளில் பிழைகள் இருக்கின்றன, பிள்ளைகள் பிழைகளை உண்மை என்று நம்பிவிடுவார்கள் என்பது அவருடைய வாதம். அதற்கு வேர்ண் 1865இல் வெளியிட்ட சந்திரப் பயண நாவலையே எடுத்துக்கொண்டோம். அதில் மூன்று பேர், புளோரிடாவில் நிலத்துக்குள் வார்க்கப்பட்ட 900 அடி நீளப் பீரங்கி ஒன்றின் குண்டுக்குள் அமர்ந்து சந்திரனை நோக்கிச் சுடப்படுகிறார்கள். குண்டுக்கு அவர் கொடுத்த தொடக்க வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 11 கிலோமீற்றர். புவியீர்ப்பை விட்டு விலகத் தேவைப்படும் வேகமும் ஏறத்தாழ அதுவே. இதுவரை வேர்ண் சரியாகத்தான் கணக்கிட்டிருக்கிறார். ஆனால் 10ஆம் தரத்துப் பிள்ளை வரையும் வேக-நேர வரைபைக் கொண்டே அடுத்த கேள்வியைக் கேட்கலாம். 274 மீற்றர் நீளமான குழாய்க்குள், ஓய்விலிருந்து புறப்பட்டு அந்த வேகத்தை எட்டுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்? சராசரி வேகம் செக்கனுக்கு 5.5 கிலோமீற்றர் என்று கொண்டால், ஒரு செக்கனில் இருபதில் ஒரு பங்கு. அப்படியானால் வேகம் கூடும் வீதமாகிய ஆர்முடுகல், புவியீர்ப்பு ஆர்முடுகலின் 20,000 மடங்கையும் தாண்டிவிடும். பயணிகளைக் காப்பதற்கென்று வேர்ண் குண்டின் அடியில் வைத்த நீர்ப்படுக்கை அங்கே எதற்கும் உதவாது. மூவரும் புறப்பட்ட கணத்திலேயே நசுங்கிப்போயிருப்பார்கள்.

இந்தக் கணிப்பு விஞ்ஞான ஆசிரியருக்குப் பிடித்துவிட்டது. "பிழையைக் கண்டுபிடிக்கிறதுக்காவது உதவுது டீச்சர்" என்றார். ஆனால் நான் அந்த நாவலை மாணவர்களுக்கு வாய்மொழியாகச் சொன்னதன் நோக்கம் அதுவன்று. அது அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்த பின்னர் தொடங்கும் கதை. போர்க்காலத்தில் மேலும் மேலும் பெரிய பீரங்கிகளைச் செய்து புகழ் பெற்ற ஒரு கழகத்தார், கையையும் காலையும் இழந்தவர்கள் உட்பட, சமாதானம் வந்ததும் செய்வதற்கு வேலையின்றிச் சலித்துப்போயிருக்கிறார்கள். அந்தச் சலிப்பிலிருந்துதான் சந்திரனைச் சுடும் எண்ணமே பிறக்கிறது. புறப்படும் மூவரில் இருவர் பகைவர்கள். ஒருவர் பீரங்கிக் குண்டு செய்பவர், மற்றவர் அதைத் தடுக்கும் கவசத்தகடு செய்பவர். மூன்றாமவருக்குத் திரும்பி வரும் எண்ணமே இல்லை. இதைச் சொன்னபோது வகுப்பில் எழுந்த கேள்வி ஆர்முடுகலைப் பற்றியதாக இருக்கவில்லை. போர் முடிந்த பிறகு ஆயுதம் செய்தவர்கள் என்ன செய்வார்கள் என்று ஒரு மாணவன் கேட்டான். போர் முடிந்த காலத்தில் பிறந்து, போரைப் பற்றி வீட்டில் அரைகுறையாகக் கேட்டு வளரும் பிள்ளைக்கு அந்தக் கேள்வி வருவதில் வியப்பில்லை. வேர்ணின் பீரங்கி இயங்காது என்பதனால் அந்தக் கேள்வி சிறிதும் பலவீனமடைவதில்லை.

தமிழ் ஆசிரியருக்கு நான் சொல்ல விரும்பும் பதில் அவர் கற்ற நூல்களிலேயே இருக்கிறது. சீவக சிந்தாமணியில் சச்சந்தன் தன் கருவுற்ற மனைவி விசயையைக் காப்பாற்றுவதற்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். திருத்தக்கதேவர் அதை ஒரு வரியில் மாயம் என்று சொல்லிக் கடந்துபோயிருக்கலாம். அவரோ தச்சன் அதை எதைக்கொண்டு செய்தான் என்று சொல்கிறார்: துணி, நூல், அரக்கு, மெழுகு. எத்தனை நாளில் செய்தான் என்று சொல்கிறார்: ஏழு நாள். பொறியை வலப்புறம் திருப்பினால் எழுந்து பறக்கும், இடப்புறம் திருப்பினால் இறங்கிக் கால்குவித்து நிற்கும் என்று ஓட்டும் முறையையும் சொல்கிறார். விசயை அதில் பயிற்சி பெறுகிறாள். பகைவர் சூழ்ந்த நாளில் தனியாக அதைச் செலுத்திக்கொண்டு தப்புகிறாள். சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெறுகிறாள். பொருள், காலம், இயக்கும் முறை, ஓட்டுநருக்குப் பயிற்சி என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டு போகும் இந்த மனப்பாங்குக்கும் மந்திரக் கம்பளக் கதையின் மனப்பாங்குக்கும் தூரம் அதிகம். இதனால் பழந்தமிழர் விமானம் கண்டுபிடித்தார்கள் என்று மேடையில் முழங்குவோரோடு என்னைச் சேர்த்துவிட வேண்டாம். அந்த முழக்கம் காப்பியத்தைப் பொய்ச் சான்றிதழாக்குகிறது. திருத்தக்கதேவர் செய்தது கற்பனை. ஆனால் கணக்குப் பார்த்துச் செய்த கற்பனை. அதைப் பாடமாகக் கற்பித்து நயம் எழுதச் சொல்லும் நாம், அதே மனப்பாங்கு இருபதாம் நூற்றாண்டு உரைநடையில் வரும்போது முகம் சுளிப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

மட்டக்களப்பில் இதைச் சொல்லும்போது விபுலானந்தரை நினைக்காமலிருக்க முடியாது. காரைதீவில் பிறந்த அவர் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. துறவு பூணுவதற்கு முன் விஞ்ஞானம் கற்பித்தவர். 1947இல் வெளிவந்த யாழ் நூலில், வழக்கொழிந்துபோன ஓர் இசைக்கருவியைப் பழைய இலக்கியக் குறிப்புகளிலிருந்தும் கணிதத்திலிருந்தும் அவர் மீட்டெடுக்க முயன்றார். அவருடைய படம் மாட்டப்படாத பாடசாலை இப்பகுதியில் அரிது. அந்தப் படத்துக்குக் கீழே இருந்துகொண்டே, விஞ்ஞானம் வேறு தமிழ் வேறு என்று பாடவேளைகளை வேலியடைத்து வைத்திருக்கிறோம்.

மூத்த ஆசிரியரின் மறுப்புக்கு இன்னொரு வேர் உண்டு, அதை மதிக்கவும் வேண்டும். 1954இல் இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம் உருவானதிலிருந்து, கைலாசபதியும் சிவத்தம்பியும் வளர்த்தெடுத்த விமர்சன மரபில், யதார்த்தமும் மண்வாசனையுமே ஈழத்துப் புனைகதையின் அளவுகோல்களாயின. அந்த அளவுகோல்கள் நமக்குச் செய்த நன்மை பெரிது. தமிழகத்து வார இதழ்களைப் பார்த்து எழுதிய காதல் கதைகளை ஓரங்கட்டிவிட்டு, சாதியால் ஒடுக்கப்பட்டவரும் கூலி விவசாயியும் தோட்டத் தொழிலாளியும் தம் பேச்சுமொழியோடு கதைக்குள் வர அவை வழிசெய்தன. ஆனால் எந்த அளவுகோலும் நெடுங்காலம் கையில் இருந்தால், அதனால் அளக்க முடியாதவை எல்லாம் இல்லாதவை என்று தோன்றத் தொடங்கிவிடும். பின்னர் போர் வந்தது. நடந்ததை நடந்தபடி சொல்லும் கடமை எழுத்தின் மேல் ஏறியது. நடக்காத ஒன்றை எழுதுவது விளையாட்டுத்தனம் மட்டுமல்ல, ஒருவகைத் துரோகம் என்றுகூடத் தோன்றிய காலம் அது. இந்தப் பின்னணியில் பயின்று வந்த ஆசிரியர்கள், நடக்காத உலகத்தை ஐயத்தோடு பார்ப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த ஐயம் பிள்ளைகளின் எழுத்தை எப்படித் தொடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஆண்டுதோறும் நாம் "2050இல் எனது கிராமம்" என்று கட்டுரைத் தலைப்புக் கொடுக்கிறோம். எதிர்காலத்தைப் பற்றி ஒரு பக்கமேனும் வாசிக்கக் கொடுக்காமல், எதிர்காலத்தைப் பற்றி எழுதச் சொல்கிறோம். ஆகவே எல்லாப் பிள்ளைகளும் ஒரே கட்டுரையை எழுதுகிறார்கள்: பறக்கும் கார், வீட்டைக் கூட்டும் ரோபோ, வானளாவிய கட்டடம், கடைசிப் பந்தியில் மரம் நடுவோம் என்ற அறிவுரை. அந்தக் கிராமம் துபாயாக இருக்கலாம். வெல்லாவெளியாகவோ கொக்கட்டிச்சோலையாகவோ இருக்க முடியாது.

சுஜாதாவின் கதைகளை வாங்கிப்போய் வாசித்த 9ஆம் தரத்து மாணவி ஒருத்தி எழுதியது வேறு மாதிரி இருந்தது. அவளுடைய கதையில் நவகிரிக் குளத்து நீரைப் பங்கிடும் வட்டவிதானை ஓர் இயந்திரம். யாருடைய வயலுக்கு எத்தனை மணி நேரம் நீர் என்பதை அது காணியின் பரப்பையும் மண்ணின் ஈரத்தையும் அளந்து தீர்மானிக்கிறது. பெருநிலக்காரரான போடியாருக்கு முதலில், ஏழைக்குக் கடைசியில் என்ற பழைய வழக்கம் ஒழிந்துபோகிறது. ஊர் அந்த இயந்திரத்துக்கு மாலை போடுகிறது. அடுத்த போகத்தில் மழை பொய்க்கிறது. குளத்தில் இருக்கும் நீர் எல்லா வயலுக்கும் போதாது. சிறு துண்டுக் காணிகளுக்குப் பாய்ச்சும்போது வாய்க்காலில் வீணாகும் நீர் அதிகம் என்று இயந்திரம் சரியாகக் கணித்து, அந்தக் காணிகளை அந்தப் போகத்துக்குக் கைவிடச் சொல்கிறது. அதாவது போடியாரின் வயல் விளைகிறது, விதவையின் வயல் காய்கிறது. இம்முறை யாரையும் திட்ட முடியாது, ஏனென்றால் பாரபட்சம் காட்டியவர் எவருமில்லை. பழைய வட்டவிதானை என்றால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று மண் அள்ளித் தூற்றியிருக்கலாம் என்று அந்த விதவை சொல்வதாக ஓரிடம் வரும். ஒன்பதாம் தரத்துப் பிள்ளையின் வாக்கியங்கள்தான், எழுத்துப்பிழைகளும் இருந்தன. ஆனால் கணினி முடிவெடுப்பது பற்றிப் பெரியவர்கள் எழுதும் பல கட்டுரைகளில் காணாத கூர்மை அதில் இருந்தது.

ஒரு சிறுகதைப் போட்டிக்கு அதை அனுப்பினோம். யதார்த்தம் போதாது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. பரிசு பெற்ற கதையில் குடிகாரத் தந்தை ஒருவர் மகளின் கண்ணீரைக் கண்டு திருந்துகிறார். அது யதார்த்தமாம்.

ஆசிரியர்கள் என்னிடம் எதைக் கொடுக்கலாம் என்று கேட்கும்போது, வடத்தின் வழியே விண்வெளிக்கு ஏறும் விண்தூக்கியைப் பற்றிய ஆர்தர் சி. கிளார்க்கின் நாவலைப் பரிந்துரைக்கிறேன். 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இந்தத் தீவில் வாழ்ந்தவர் அவர். நம் கிழக்குக் கரையில் திருகோணமலைக் கடலுக்குள் மூழ்கிக் கோணேசர் கோயிலின் இடிபாடுகளைப் பார்த்தவர். 1979இல் வெளிவந்த அந்த நாவலின் களம், இலங்கையை ஒத்த தப்ரபேன் என்ற தீவு. அதைக் கிளார்க் இலங்கை இருக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி மத்திய கோட்டின் மேல் வைத்தார். விண்ணில் நிலையாக நிற்கும் செய்மதியிலிருந்து கீழே இறக்கும் வடம் மத்திய கோட்டில் ஊன்றப்பட வேண்டும். நாமோ வடக்கே 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருக்கிறோம். கதைக்காக ஒரு தீவையே நகர்த்தலாம், ஆனால் செய்மதியின் பாதையை நகர்த்த முடியாது என்ற இந்த ஒழுங்கைக் கவனிக்கும் பிள்ளை, யாப்புக்குள் எழுதும் புலவனின் கட்டுப்பாட்டையும் விளங்கிக்கொள்ளும். அந்த நாவலின் மோதலும் பொறியியலில் இல்லை. வடம் ஊன்ற வேண்டிய மலையுச்சியில் நெடுங்காலமாகத் துறவிகள் வாழ்கிறார்கள். உலகம் முழுவதற்கும் நன்மை தரும் ஒரு திட்டத்துக்காக அவர்கள் இடம்பெயர வேண்டுமா என்பதே கேள்வி. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் யாருக்குக் காணி கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்று பாட்டன்மார் பேசுவதைக் கேட்டு வளரும் அம்பாறைப் பிள்ளைக்கும் மட்டக்களப்புப் பிள்ளைக்கும் இது அந்நியமான கேள்வியா? சிங்கள வாசகர்களுக்குக் கிளார்க் தம் மொழியிலேயே நெடுங்காலமாகக் கிடைக்கிறார். எங்கள் நூலகத்திலோ அவருடைய ஆங்கிலப் பிரதி மட்டுமே உண்டு. நான் வகுப்பில் அதைச் சொல்லித்தான் தீர்க்க வேண்டியிருக்கிறது.

இத்தகைய கதைகள் உண்மையிலிருந்து தப்பியோடும் வழி என்பது இன்னொரு குற்றச்சாட்டு. சுஜாதா 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய ஜீனோ என்ற இயந்திர நாயின் கதையை நான் மாணவியாக இருந்தபோது, அட்டை கிழிந்த இரவல் பிரதியில் வாசித்தேன். அது 2021இல் நடப்பதாக எழுதப்பட்டது. அங்கே குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர், எல்லாம் பதிவு, பிள்ளை பெறுவதற்கும் அரசின் அனுமதி வேண்டும், ஒரு பெண் காணாமற்போன தன் கணவனைத் தேடுகிறாள். சோதனைச் சாவடியில் பேருந்தை விட்டிறங்கி அடையாள அட்டையைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு வரிசையில் நடந்த நாட்கள் எனக்கு அவை. காணாமற்போனவரைத் தேடும் பெண் எங்கள் தெருவிலும் இருந்தாள். சுஜாதா எங்களை நினைத்து எழுதவில்லை என்பது தெரியும். ஆனாலும் எங்களைப் பற்றி வெளிப்படையாகப் பேச எவரும் துணியாத நேரத்தில், எங்கேயோ எப்போதோ நடப்பதாகச் சொல்லப்பட்ட அந்தக் கதையைப் பற்றி நாங்கள் வகுப்பில் சத்தமாகப் பேச முடிந்தது. தப்பியோடுதல் என்று சொல்பவர்கள் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்லா விஞ்ஞானப் புனைகதையும் நல்லது என்று நான் வாதிடவில்லை. விண்கலத்தின் உதிரிப்பாகங்களைப் பக்கம் பக்கமாக விவரித்துவிட்டு மனிதரை மரப்பொம்மையாக விட்டுவிடும் கதைகள் ஏராளம்; அவற்றை நான் வாங்குவதில்லை. உலகத்தில் ஒன்றே ஒன்றை மாற்றி, அந்த மாற்றம் ஒரு வீட்டுக்குள், ஒரு ஊருக்குள் என்ன செய்கிறது என்பதை விடாமல் பின்தொடரும் கதையா என்று பார்க்கிறேன். அந்த மாணவியின் இயந்திர வட்டவிதானை இந்தச் சோதனையில் தேறும்.

விஞ்ஞான ஆசிரியரும் நானும் அடுத்த தவணையில் 10ஆம் தரத்துக்கு இரண்டு பாடவேளைகளை இணைத்து வேர்ணை எடுப்பதென்று பேசி முடித்திருக்கிறோம். எது முதலில் என்பதில்தான் இன்னும் உடன்பாடில்லை. வேக-நேர வரைபை முதலில் முடித்துவிட்டால் நேரம் மிச்சமாகும் என்கிறார் அவர். கதை முதலில் வர வேண்டும் என்கிறேன் நான். கணிப்பை முதலில் செய்துவிட்டால், பிழை பிடிக்கும் கண்ணோடுதான் பிள்ளைகள் நாவலைத் திறப்பார்கள், அந்த வேலையற்ற பீரங்கிக்காரர்கள் எவர் கண்ணிலும் படமாட்டார்கள்.